கௌபாய் பீபாப், 18ஆம் பகுதி: வேடிக்கையும் கடைசிச் சில நிமிடங்களும் ஒட்டுகின்றனவா?

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திரை வட்டத்தில் ஒரு தொடரை எடுத்துக்கொண்டால் அதன் ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி மட்டுமே விரிவாக விமர்சனம் எழுதுவது வழக்கம். இம்முறை எடுத்துக்கொண்டது வாத்தனாபே ஷினிச்சிரோ இயக்கத்தில் சன்ரைஸ் நிறுவனம் 1998இல் தயாரித்த ‘கௌபாய் பீபாப்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர். என் பங்குக்கு வந்தது ‘ஸ்பீக் லைக் எ சைல்ட்’ என்ற 18ஆம் பகுதி.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு 2071. மனிதர்கள் சூரியக் குடும்பம் முழுவதும் பரவி வாழ்கிறார்கள். முன்பு மீன்பிடிக் கப்பலாக இருந்த பீபாப் என்ற விண்கலத்தில், குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துப் பரிசுப்பணம் வாங்கிப் பிழைக்கும் ஸ்பைக், ஜெட், ஃபே என்ற மூவரும், எட் என்ற கணினி மேதைச் சிறுமியும், ஐன் என்ற நாயும் சேர்ந்து வாழ்கிறார்கள். இந்தப் பகுதியில் ஃபேயின் பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது. கடன்காரர்கள் யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று பயந்து அவள் கம்பி நீட்டிவிட, கட்டணத்தைக் கட்டிப் பார்சலை வாங்கிய ஜெட்டும் ஸ்பைக்கும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு பீட்டா வகை வீடியோ கேசட். அறுதப் பழைய அந்தப் பொருளை ஓட்டிப் பார்ப்பதற்கு டெக் தேடி அலைவதே கதையின் பெரும்பகுதி. பழைய தொலைக்காட்சித் தொடர்களின் மேல் பித்துக்கொண்ட ஒரு கடைக்காரரிடம் போகிறார்கள். படம் சரியாக வரவில்லை என்று ஸ்பைக் உதைத்ததில் அவருடைய அருமையான டெக் பாழாகிறது. பிறகு எட் சொன்ன இடத்தை நம்பிப் பாழடைந்த பூமிக்கே போய், இடிந்த கட்டடம் ஒன்றின் அடித்தளங்களுக்குள் இறங்கி, மூச்சு வாங்க ஒரு இயந்திரத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். அது விஎச்எஸ் டெக். பீட்டா கேசட் அதில் ஓடாது. கடைசியில் இன்னொரு பார்சலில் சரியான டெக் தானாகவே வந்து சேர்கிறது. கேசட்டை ஓட்டினால், சிறு பெண்ணாக இருந்த ஃபே, பத்தாண்டுகள் கழித்துப் பார்க்கப்போகும் தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட வாழ்த்துச் செய்தி திரையில் விரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபேக்கோ எதுவும் நினைவில் இல்லை.

அந்தக் கடைசிச் சில நிமிடங்கள் என்னை உலுக்கிவிட்டன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விமர்சனமாக எழுத உட்கார்ந்தால், இருபத்து நான்கு நிமிடங்களில் பெரும்பகுதி டெக் தேடும் கூத்தாகவே போய்விடுகிறதே என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது. அந்தக் கூத்து கடைசிக் காட்சிக்குத் தேவையான ஏற்பாடா, அல்லது நேரத்தை நிரப்பியதா? இந்தப் பகுதியைத் தொடரிலிருந்து தனியாகப் பிரித்து எடைபோடுவது நியாயமா? இத்துடன், தொழில்நுட்பம் அறிந்தவர்கள் இருந்தால், அப்படிப்பட்ட ஒரு நாடா அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் படம் காட்டுமா என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தூரிகை எழுதியது:

கார்முகில் அவர்களுக்கு வணக்கம். அந்தக் கூத்து இல்லையென்றால் கடைசிக் காட்சி இல்லை என்பதுதான் என் உறுதியான எண்ணம். அதற்கான காரணம் கதையின் வேகமோ சுவையோ மட்டுமல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் காட்சியிலிருந்தே யார் எதைச் செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பார்சல் ஃபேயினுடையது. அதைப் பிரிப்பது ஜெட்டும் ஸ்பைக்கும். இன்னொருவருக்கு வந்த கடிதத்தை உறை கிழித்துப் படிப்பதற்குச் சமமான செயல் அது. ஆனாலும் கட்டிய பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கவலையும், உள்ளே விலைபோகக்கூடிய ஏதாவது இருக்காதா என்ற ஆசையும் சேர்ந்துகொள்வதால் அவர்களுக்கு அது தவறாகப் படுவதில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் படுவதில்லை. கடைக்காரரின் டெக் உடையும்போது சிரிக்கிறோம். பூமியின் அடித்தளத்தில் இருவரும் படும் பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமை வந்துவிட்டது என்று நம்மை அறியாமலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அந்த நிலையில்தான் திரையில் ஒரு சிறுமி வந்து நிற்கிறாள். அவள் பேசுவது ஸ்பைக்கிடமோ ஜெட்டிடமோ நம்மிடமோ இல்லை. அறையில் இருக்கும் ஒரே ஒருத்திக்காக எடுக்கப்பட்டதை எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம் அப்போதுதான் உறைக்கிறது. தேடல் முழுவதையும் கனமாகவும் மர்மமாகவும் எடுத்திருந்தால் கேசட்டில் ஏதோ சோகம் இருக்கிறது என்று நாம் முன்கூட்டியே தயாராகியிருப்போம். இந்தக் கூச்சம் வந்திருக்காது.

அடுத்து, இது அனிமேஷன் என்பதை மறந்துவிடாமல் பேச வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில், வீட்டில் எடுத்த வீடியோ போன்ற காட்சி வேண்டுமென்றால் ஒரு மலிவான கேமராவைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். ஆட்டமும் மங்கலும் தாமாகவே வந்துவிடும். செல் எனப்படும் ஒளிபுகும் தாள்களில் வரைந்து வண்ணம் தீட்டி எடுத்த இந்தத் தொடரில் எதுவும் தானாக வராது. நாடாவின் குறுக்கே ஓடும் கோடுகள், சட்டகத்துக்குள் சரியாக அடங்காத முகம், கேமராவை யாரோ கையில் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் தள்ளாட்டம், வெளிறிய நிறம், இவை ஒவ்வொன்றையும் ஒருவர் முடிவெடுத்துச் செய்தாக வேண்டும். கவாமோட்டோ தோஷிஹிரோவின் பாத்திர வடிவமைப்பில் ஃபே எப்போதும் திட்டமிட்ட நேர்த்தியுடன் இருப்பவள். உடை, நிற்கும் விதம், சிகரெட் பிடிக்கும் கை என்று எல்லாமே பிறர் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. கேசட்டில் இருக்கும் பெண்ணிடம் அந்த நேர்த்தி துளியும் இல்லை. அவள் கூச்சப்படுகிறாள், தடுமாறுகிறாள், பிறகு கைகளை வீசித் தனக்குத் தானே ஆரவாரம் செய்கிறாள். அதே முகச்சாயலை வைத்துக்கொண்டு, உடல்மொழியை மட்டும் மாற்றி, இவள் வேறொருத்தி என்று நம்பவைத்திருக்கிறார்கள். விமர்சனத்தில் எத்தனை வரி செலவிட்டாலும் தகும் இடம் இது.

ஃபே அழாததையும் குறிப்பிட்டு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கதாசிரியர்கள் எளிதாக அவளை உடைந்து அழவிட்டிருக்கலாம். அவள் தனக்கு நினைவில்லை என்று மட்டும் சொல்கிறாள். துக்கப்படுவதற்குக்கூட இழந்தது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு அதுவும் தெரியாது. திரையில் இருக்கும் சிறுமியை அவள் பார்க்கும் பார்வையில் அன்பைவிடத் திகைப்பே அதிகம். யாரோ ஒரு பெண் தன் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தாளே என்ற திகைப்பு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

நாடாக்கடை எழுதியது:

பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் கல்யாணக் கேசட்டுகள், காதுகுத்து, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா போன்றவைதான் வருகின்றன. இந்தப் பகுதியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பைவிடப் பதைப்பே அதிகமாக இருந்தது. கேட்ட கேள்விக்கு என்னால் இயன்ற அளவு பதில் சொல்கிறேன்.

சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975இல் வந்தது; ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ் அதற்கு அடுத்த ஆண்டு, 1976இல் வந்தது. இரண்டிலும் இருப்பது அரை அங்குல அகல நாடாதான். ஆனால் பீட்டா கேசட் அளவில் சிறியது. கேசட்டுக்குள்ளிருந்து நாடாவை இழுத்துச் சுழலும் உருளையின் மேல் சுற்றும் விதமும் இரண்டிலும் வேறு வேறு. ஆகவே, ஒன்றை மற்றொன்றில் போட்டு எப்படியாவது ஓட்டிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தொடக்கத்தில் பீட்டாவில் ஒரு மணி நேரமே பதிவு செய்ய முடிந்தது, விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம் முடிந்தது. பீட்டா பின்தங்கியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அது முக்கியமானது. நம் வீடுகளுக்கு வாடகைக்கு வந்து விடிய விடிய ஓடிய டெக்குகளில் பெரும்பாலானவை விஎச்எஸ்தான். சோனி பீட்டா ரெக்கார்டர் தயாரிப்பை 2002இல் நிறுத்தியது, வெற்றுக் கேசட் விற்பனையை 2016 மார்ச்சில் நிறுத்தியது. அதே 2016இல்தான் விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாயும் தயாரிப்பைக் கைவிட்டது. வென்றதும் தோற்றதும் ஒரே ஆண்டில் கண்ணை மூடின.

இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்பைக்கும் ஜெட்டும் பூமியின் அடியிலிருந்து விஎச்எஸ் டெக்கைச் சுமந்துகொண்டு வருவது வெறும் நகைச்சுவையாகத் தெரியவில்லை. ஊரெல்லாம் வைத்திருந்ததுதான் புதைகுழியிலும் அதிகம் கிடைக்கும். இருவருக்கும் இரண்டு வகைகள் இருந்தன என்ற செய்தியே தெரியாது. வீடியோ என்றால் வீடியோதானே என்று நினைக்கும் வாடிக்கையாளர்களை நான் அன்றாடம் சந்திக்கிறேன். வீட்டுப் பரணில் கிடந்த கேசட்டுடன் அதற்குப் பொருந்தாத டெக்கையும் கூடவே தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இனி, அந்த நாடா தாங்குமா என்பது. ஃபே 2014இல் உறைநிலைத் தூக்கத்தில் வைக்கப்பட்டாள் என்பது தொடரின் கணக்கு. பதிவு அதற்கும் முன்னால். அப்படியானால் 2071இல் அந்த நாடாவின் வயது அறுபதுக்கு நெருக்கமாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். காந்தத் துகள்களை நாடாவோடு ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதையத் தொடங்கிவிடும்; காந்தநாடாவின் ஆயுளை ஆவணக் காப்பாளர்கள் பொதுவாகப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் என்றே கணக்கிடுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு முன்பே பூஞ்சை பிடித்துவிடுகிறது. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையாக, மாவு தூவியதுபோலப் படிந்திருக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை அப்பிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். முதலில் நாடாவைத் தனியாக ஓட்டித் துடைக்க வேண்டும், டெக்கைத் திறந்து ஹெட்டைச் சாராயத் திரவத்தால் சுத்தம் செய்ய வேண்டும், அதன் பிறகே ஓட்ட வேண்டும். ஓட்டும்போதே பதிவும் செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் இரண்டாம் முறை அந்த நாடா படம் காட்டும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

ஆகவே கேசட் முற்றிலும் கெடாமல் இருந்தது நம்ப முடியாதது என்று சொல்ல மாட்டேன். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் இருந்திருந்தால் மங்கலாகவாவது படம் வரலாம். தொடரும் அதை மங்கலாகத்தான் காட்டுகிறது. கடைக்காரரின் டெக்கில் முதலில் தெரியும் உருவம் இழுபட்டும் கோணியும் வருவது நான் நாள்தோறும் காணும் காட்சி. அந்த நிலையில் உதைப்பது மட்டும் கூடாது. உள்ளே ஓர் உருளை நிமிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுற்று வேகத்தில் சுழன்றுகொண்டு, நாடாவில் சாய்வாக எழுதப்பட்ட மெல்லிய தடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் விழும் ஓர் அடி, டெக்கோடு நாடாவையும் கொண்டுபோய்விடும். அந்தக் கேசட் தப்பிப் பிழைத்ததுதான் கதையில் எனக்கு நம்பக் கடினமாக இருந்த ஒரே இடம்.

என் வேலையிலிருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேசட்டில் என்ன இருக்கிறது என்று கொண்டுவருபவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. மேலே ஒட்டிய சீட்டு எப்போதோ உதிர்ந்திருக்கும். படம் வருகிறதா என்று சோதிக்க நான் ஓட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் அது எனக்காக எடுத்த படம் இல்லை. ஒலியை முழுவதும் குறைத்து வைத்துக்கொண்டு, படம் நிலையாக நிற்கிறதா என்பதை மட்டும் பார்ப்பது என் பழக்கம். தூரிகை அவர்கள் சொன்ன கூச்சம் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மரினா கரை எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மேலே உள்ள இருவரும் எழுதியதை ரசித்துப் படித்தேன்; ஆயினும் தூரிகை அவர்களுடன் ஒரு புள்ளியில் உடன்பட முடியவில்லை. பார்சல் வருவது முதல் டெக் உடைவது வரை ஒவ்வொரு நொடியும் தேவையானதே. பூமிப் பயணம் அப்படியில்லை. இடிபாடுகளுக்குள் இறங்கும் அந்தக் காட்சிகளில் ஸ்பைக், ஜெட் இருவரைப் பற்றியும் நாம் புதிதாக அறிந்துகொள்வது எதுவுமில்லை. பொறுமையிழந்த ஸ்பைக்கும் கடமையைக் கட்டிக்கொண்டு அழும் ஜெட்டும் முந்தைய பதினேழு பகுதிகளில் நமக்கு நன்கு பழகியவர்கள். அந்த நேரத்தில் பாதியை ஃபேக்குக் கொடுத்திருக்கலாம். தனக்கு வந்த பார்சலிலிருந்து தானே ஓடிப்போனவள் அந்த இடைவேளையில் என்னவெல்லாம் நினைத்தாள் என்பதை நாம் அதிகம் பார்ப்பதில்லை. பந்தயத்தில் பணத்தை விடுவதைக் காட்டினால் மட்டும் போதாது. விமர்சனம் எழுதுபவர் இந்தக் குறையைக் குறையாகவே எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். கடைசிக் காட்சி நெகிழ்த்திவிட்டது என்பதற்காக அதற்கு முன் வந்த எல்லாவற்றுக்கும் பின்னோக்கி நியாயம் கற்பிக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பயணத்துக்கு ஒரு பயன் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2022இல் விண்வெளி வாயில் ஒன்று வெடித்து நிலவு சிதைந்து, அதன் துண்டுகள் விழுந்து பூமி வாழத் தகாத இடமானது என்பது தொடரின் பின்னணி. அந்தப் பாழைச் சற்று முன்தான் பார்த்துவிட்டு வருகிறோம். அடுத்த சில நிமிடங்களில் கேசட்டில் தெரிவது அதே பூமி; வெயிலும் வீடும் தோழிகளும் இருந்த காலத்துப் பூமி. இந்த ஒப்பீட்டை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது இயக்குநரின் நிதானம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் தனிப்பட்ட ஓர் ஈடுபாடும் உண்டு. 24ஆம் பகுதியில் ஃபே அந்தக் கேசட்டை மீண்டும் ஓட்டிப் பார்க்கும்போது, நீர் உமிழும் சிங்கச் சிலை ஒன்று அடையாளமாக வருகிறது. எட் அந்த இடத்தைத் தனக்குத் தெரியும் என்கிறாள். அது சிங்கப்பூரின் மெர்லயன் சிலையே. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1972இல் திறந்துவைக்கப்பட்ட அந்தச் சிலை, 1997இல் கட்டி முடித்த எஸ்பிளனேட் பாலம் முன்னால் வந்து மறைத்துவிட்டதால் 2002இல் இப்போதுள்ள இடத்துக்கு நகர்த்தப்பட்டது. தொடர் ஒளிபரப்பான 1998இல் சிலை பாலத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தப் பக்கம் நடந்துபோகும் போதெல்லாம், கற்பனைப் பெண் ஒருத்தி தன் சொந்த ஊரை அடையாளம் கண்டுகொள்ள இந்தச் சிலையைத்தானே பற்றிக்கொண்டாள் என்ற நினைப்பு எனக்கு வரும். நாடாக்கடை அவர்கள் கவனத்துக்கு ஒன்று: சிங்கப்பூர்த் தொலைக்காட்சி ‘பால்’ முறையில் இயங்கியது, ஜப்பான் ‘என்டிஎஸ்சி’ முறையில் இயங்கியது. இங்கே பதிவான கேசட்டாக இருந்தால் பீட்டா டெக் கிடைத்தும் வேலை முடியாது. முறையும் பொருந்த வேண்டும்.

நாடாக்கடை எழுதியது:

மிகச் சரியாகச் சொன்னீர்கள். பால் கேசட்டை என்டிஎஸ்சி டெக்கில் போட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும், நிறமும் வராது. உருளையின் வேகமும் பால் முறையில் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றுதான். நான் மேலே சொன்னது என்டிஎஸ்சி கணக்கு. வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் கேசட்டுகளில் இன்றும் எனக்கு இதே சிக்கல் வருகிறது. கடைசிப் பார்சலில் வந்த டெக், கேசட்டை அனுப்பியவர்களே அனுப்பியது என்றால் முறை பொருந்தியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கார்முகில் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூமிப் பயணத்தைப் பற்றி மரினா கரை அவர்கள் வைத்த குறையை விமர்சனத்தில் சேர்த்துக்கொள்கிறேன். தூரிகை அவர்கள் சொன்ன கூச்சத்தை மையமாக வைத்து எழுதப்போகிறேன். இன்னும் இரண்டு செய்திகளில் உங்கள் கருத்து தேவை. எங்கள் வட்டத்தில் பலர் தொடரைப் பார்த்ததில்லை. இந்தப் பகுதியைத் திரையிடும் முன் எதையெல்லாம் அவர்கள் பார்த்திருக்க வேண்டும்? 24ஆம் பகுதியில் நடப்பதை விமர்சனத்தில் சொல்லலாமா? மேலும், தொடக்கத்தில் ஜெட் சொல்லும் உராஷிமா தாரோ கதையை நான் போகிறபோக்கில் விட்டுவிட்டேன். அதற்கு இடம் கொடுக்க வேண்டுமா?

தூரிகை எழுதியது:

முதலில் திரையிடும் வரிசை. இதற்குத் தொடரின் ஒளிபரப்பு வரலாறே ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. 1998 ஏப்ரல் முதல் ஜூன் வரை டிவி டோக்கியோ இந்தத் தொடரை முழுமையாகக் காட்டவில்லை. மொத்தம் உள்ள 26 பகுதிகளில் 2, 3, பிறகு 7 முதல் 15 வரை, அதையடுத்து 18 ஆகியவற்றை மட்டும் காட்டிவிட்டு, ஒரு தொகுப்புப் பகுதியுடன் முடித்துக்கொண்டார்கள். 26 பகுதிகளும் வவ்வாவ் அலைவரிசையில் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1999 ஏப்ரல் வரை ஒளிபரப்பாயின. அதாவது ஜப்பானில் முதன்முதலாகப் பார்த்தவர்களுக்கு 15ஆம் பகுதிக்கு அடுத்து வந்தது 18ஆம் பகுதி. அந்தப் 15ஆம் பகுதியில்தான் ஃபே 54 ஆண்டுகள் உறைநிலையில் இருந்து விழித்தாள் என்பதும், விழித்தபோது தான் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை என்பதும், தலையில் பெருங்கடன் சுமத்தப்பட்டது என்பதும் வருகின்றன. கடன்காரர் என்று பயந்து அவள் ஏன் ஓடுகிறாள் என்பதற்கும், கேசட்டைப் பார்த்து ஏன் வெறுமையாக நிற்கிறாள் என்பதற்கும் விளக்கம் அங்கேயே இருக்கிறது. எனவே உங்கள் வட்டத்துக்கு 15ஐயும் 18ஐயும் அடுத்தடுத்துத் திரையிடுங்கள். தனியாக 18ஐ மட்டும் காட்டினால் முதல் பாதி ரசிக்கும், கடைசிக் காட்சியின் பாதி பொருள் நழுவிவிடும். இதை விமர்சனத்தில் வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை.

உராஷிமா கதைக்குக் கட்டாயம் இடம் கொடுங்கள். ஆமையைக் காப்பாற்றிய மீனவன் கடலடி அரண்மனைக்குப் போய்ச் சில நாள் தங்கித் திரும்புகிறான்; கரையில் பல தலைமுறைகள் கடந்துபோயிருக்கின்றன, தெரிந்த முகம் ஒன்றுமில்லை. திறக்கக் கூடாது என்று கொடுத்தனுப்பிய பெட்டியை அவன் திறந்ததும் அவன் தவறவிட்ட வயது முழுவதும் அவன்மேல் வந்து இறங்கிவிடுகிறது. ஜப்பானியக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால், அது காதில் விழுந்ததுமே அந்நாட்டுப் பார்வையாளருக்குப் பார்சலின் மேல் ஓர் ஐயம் விழுந்திருக்கும். நம்மவர்களுக்கு விளக்க வேண்டுமென்றால் பாகவதத்தில் வரும் ககுத்மி மன்னன் கதையைத் தொட்டுக் காட்டலாம். மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போனவன், அங்கே நடந்த இசையைக் கேட்டுவிட்டுத் தன் பேச்சைத் தொடங்குவதற்குள், அவன் மனத்தில் வைத்திருந்த மாப்பிள்ளைகளும் அவர்களுடைய பேரன்மாரும் பூமியில் இல்லாமலே போய்விடுகிறார்கள். ஆனால் ரேவதிக்குப் பலராமர் கிடைத்தார், கதை மங்கலமாக முடிகிறது. உராஷிமாவுக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஃபேயின் கதை இரண்டிலிருந்தும் விலகி நிற்கும் இடம்தான் உங்கள் விமர்சனத்துக்கு உதவும். உராஷிமாவின் பெட்டியில் அவனுடைய முதுமை இருந்தது. ஃபேயின் பெட்டியில் இருப்பதோ அவளுடைய இளமை. அதுவும் அவளுக்கு எட்டாத உயரத்தில் நின்றுகொண்டு அவளை உற்சாகப்படுத்துகிறது. நாட்காட்டிக் கணக்கில் எழுபத்தேழு வயதானவள், இருபதுகளில் உள்ள உடலோடு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

24ஆம் பகுதியைப் பொறுத்தவரை என் கருத்து இது: ஃபேயின் ஊர் தேடும் பயணம் அங்கே தொடர்கிறது என்ற ஒரு வரி போதும். அவள் யாரைச் சந்திக்கிறாள், வீடு இருந்த இடத்தில் என்ன செய்கிறாள் என்பதை எழுத வேண்டாம். தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அனுபவம் கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், 18ஆம் பகுதி அவளுக்கு எந்த விடையும் கொடுக்காமல் முடிகிறது. பிந்தைய பகுதியிலிருந்து விடையைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால், நினைவில்லை என்ற அவளுடைய சொல்லின் கனம் குறைந்துவிடும்.

மரினா கரை எழுதியது:

முதல் காரணத்தை ஏற்கிறேன், இரண்டாவதை முழுமையாக ஏற்க முடியவில்லை. 18ஐ எழுதியவர்கள் கேசட்டின் கதையை அங்கேயே முடித்துக்கொள்ளவில்லை, ஆறு பகுதிகள் கழித்து மீண்டும் அதைக் கையில் எடுக்கிறார்கள். விட்ட இழையை மறக்காமல் தொடர்ந்தது தொடரின் பெருமைகளில் ஒன்று. அதை ஒரு வரியிலாவது பாராட்டாமல் விட்டால் 18ஆம் பகுதிக்கே அநீதி ஆகும். கார்முகில் அவர்களே, கதையைச் சொல்லாமல், கேசட் திரும்ப வருகிறது என்பதை மட்டும் குறிப்பிட்டு, அந்தத் தொடர்ச்சி 18ஆம் பகுதியின் மதிப்பை உயர்த்துகிறது என்று எழுதுங்கள். சிலையின் பெயரையும் தயவுசெய்து எழுத வேண்டாம். தொடர் அதைப் பெயர் சொல்லிக் காட்டவில்லை, உங்கள் வட்டத்தில் சிங்கப்பூர் வந்துபோனவர் யாராவது இருந்தால் அவரே திரையில் பார்த்துக் கண்டுகொள்ளட்டும்.

கார்முகில் எழுதியது:

அப்படியே செய்கிறேன். இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துத் திரையிட்டுவிட்டு, பேசி முடித்த பிறகு விமர்சனத்தின் முழு வடிவத்தை இந்த இழையிலேயே பதிவிடுகிறேன். பூமிப் பயணம் நீளமாகப் பட்டதா என்று பார்வையாளர்களிடம் தனியாகக் கேட்டு, அவர்கள் சொல்வதையும் அதில் சேர்க்கிறேன்.